எலிக்குக் கிடைத்த நிவாரணம் உம்மாவுக்கும் கிடைக்குமா?



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து அலவத்துகொடயில் பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஓரமாக அழைத்துப்போய், பையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்துக் காட்டினார்.

“ஹஸ்ரத், இது சோயாவிலிருந்து எடுத்த மாத்திரையாம். உம்மாவின் மறதி நோய்க்கு நல்லதாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து நிரூபித்துவிட்டார்களாம். இந்தக் கூட்டின் மேலுறை ஹலாலா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.”

அவருடைய உம்மாவை எனக்குத் தெரியும். எழுபதைக் கடந்தவர். ஒரு காலத்தில் அந்தத் தெருவின் பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். இன்று தம் மகனைப் பார்த்தே, “நீங்க யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்கிறார். அந்தப் போத்தலின் விலையோ மகனுடைய பல நாள் உழைப்பை விழுங்கியிருந்தது.

மேலுறை பற்றிய கேள்விக்கு விடை எளிது. அது ஜெலட்டினால் ஆனதாயின், எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை விசாரிக்க வேண்டும். தாவர மேலுறையாயின் பிரச்சினை இல்லை. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. எலிக்குப் பயன்பட்டது என்பதால் உம்மாவுக்கும் பயன்படும் என்று எப்படி முடிவு செய்தோம்? அந்தக் கேள்விதான் என் மனதைக் குடைந்தது. அது பற்றித் தேடி வாசித்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல.

மறதி என்னும் நோய்

முதுமையின் தாழ்ந்த எல்லைக்குத் தள்ளப்பட்டு, அறிந்திருந்தவற்றையெல்லாம் அறியாதவராகிவிடும் மனிதரைப் பற்றி அந்-நஹ்ல் அத்தியாயத்திலும் அல்-ஹஜ் அத்தியாயத்திலும் அல்லாஹ் நமக்கு நினைவூட்டுகிறான். அந்த நிலையை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியதாக ஹதீஸ்களில் காண்கிறோம். ஆகவே இந்த நிலை நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. அதன் உடற்கூற்றுக் காரணங்களை மனிதன் அறியத் தொடங்கியதுதான் அண்மைக் காலச் செய்தி.

1906இல் ஜேர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், நினைவு குலைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து இரண்டு அடையாளங்களை எடுத்துரைத்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிந்த ஒருவகைப் புரதத் திட்டுகள் ஒன்று. கலங்களுக்கு உள்ளே நூல் சிக்கல்போல் முறுக்கிக் கிடந்த இழைகள் மற்றொன்று. அவர் பெயரையே இன்று அந்நோய் தாங்கி நிற்கிறது. கைநடுக்கமும் நடைத் தளர்வும் தரும் பாக்கின்சன் நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. மூளையின் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இவற்றின் பொதுத் தன்மை.

நமது நாட்டில் றாகம பிரதேசத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் மறதி நோயைக் கண்டது. ஆயுள் நீள நீள இத்தொகையும் கூடும். அல்சைமர் நோயாளிகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பெண்கள் நீண்ட காலம் வாழ்வது அதற்கு ஒரு காரணம். ஹைளு நின்றபின் உடலில் ஈஸ்ட்ரஜன் என்னும் ஹோர்மோன் வெகுவாகக் குறைந்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்பது விஞ்ஞானிகளின் நெடுநாளைய ஐயம். அந்த ஐயத்திலிருந்துதான் சோயாவின் கதை ஆரம்பமாகிறது.

தாவரத்துக்குள் ஒரு சாவி

ஈஸ்ட்ரஜன் என்பது ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடற்கலங்களில் அதற்கான பூட்டுகள் உள்ளன. சாவி பூட்டில் பொருந்தினால்தான் வேலை நடக்கும். ஏறத்தாழ அதே வடிவம் கொண்ட பொருள்களை அல்லாஹ் சில தாவரங்களிலும் வைத்திருக்கிறான். இவற்றையே தாவர ஈஸ்ட்ரஜன்கள் என்கிறோம். சோயா அவரையில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்பவை இவற்றுள் பிரபலமானவை.

இவை வெறும் புல்லும் இலையும்தானே என்று அலட்சியப்படுத்த முடியாது. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகை குளோவர் புல்லை மேய்ந்த செம்மறியாடுகள் குட்டி ஈனும் ஆற்றலை இழந்தன. பண்ணையாளர்கள் திகைத்தார்கள். அப்புல்லில் இருந்த தாவர ஈஸ்ட்ரஜன்களே காரணம் என்று பிறகு தெரியவந்தது. நன்மை செய்யும் சக்தி உள்ள பொருளுக்குத் தீமை செய்யும் சக்தியும் உண்டு என்பதற்கு அந்த ஆடுகள் சாட்சி.

1996இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மற்றொரு முக்கியச் செய்தியை வெளியிட்டார்கள். ஈஸ்ட்ரஜனுக்கு ஒரு பூட்டு அல்ல, இரண்டு பூட்டுகள் உள்ளன! முதலாவது அல்ஃபா எனப்பட்டது. புதிதாகக் கண்டது பீட்டா எனப்பட்டது. மார்பிலும் கருப்பையிலும் கலங்களைப் பெருக்கும் வேலையில் அல்ஃபாவுக்கே பெரும் பங்கு. பீட்டா மூளையிலும் காணப்படுகிறது. சோயாவின் ஜெனிஸ்டீனோ அல்ஃபாவைவிட பீட்டாவிலேயே பல மடங்கு நன்றாகப் பொருந்துகிறது. அப்படியானால் மார்புக்கும் கருப்பைக்கும் ஆபத்தை வரவழைக்காமல் மூளைக்கு மட்டும் ஈஸ்ட்ரஜனின் நன்மையைக் கொடுக்கலாமே! இந்த எதிர்பார்ப்பே ஆய்வுகூடங்களில் எலிகளை வரிசைப்படுத்தியது.

சோயா நம் வீடுகளுக்கு அந்நியமானதல்ல. 1973இல் தொடங்கிய திரிபோஷவில் சோளத்தோடு சோயாவும் சேர்ந்தது. பேராதனைக்கு அருகே கன்னொருவயில் சோயா உணவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. இன்று சோயா மீட் வாங்காத வீடு நம் பகுதியில் அரிது. அதனால்தான் “சோயா மூளைக்கு நல்லது” என்ற பேச்சு நம்மிடம் அவ்வளவு சுலபமாக எடுபடுகிறது.

எலிகள் சொன்னவை

1990இல் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மக்யூவன் குழுவினர் பெண் எலிகளின் சூலகங்களை அகற்றிப் பார்த்தார்கள். நினைவுக்கு இன்றியமையாத மூளைப் பகுதியில், நரம்புக் கிளைகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் நுண்ணிய முளைகள் குறைந்தன. ஈஸ்ட்ரஜனைக் கொடுத்ததும் அவை மீண்டும் பெருகின. மூளை என்பது வளர்ந்து முடிந்த கல் அல்ல, ஹோர்மோனுக்கு ஏற்ப மாறும் உயிருள்ள தோட்டம் என்பது இதனால் விளங்கியது.

பின்னர் தாவர ஈஸ்ட்ரஜனின் முறை வந்தது. 2009இல் ஈரானின் தெஹ்ரான் நகர ஆய்வாளர்கள், பாக்கின்சன் நோயை ஒத்த நிலை ஏற்படும்படி இரசாயனம் செலுத்தப்பட்ட எலிகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்து, அது நரம்புக் கலங்களின் அழிவைத் தணித்ததாக அறிவித்தார்கள். 2011இல், அல்சைமர் நோயோடு தொடர்புடைய புரதம் மூளையில் செலுத்தப்பட்ட எலிகளில் கற்றலும் நினைவும் ஜெனிஸ்டீனால் ஓரளவு மேம்பட்டதாக மற்றோர் அறிக்கை அங்கிருந்தே வந்தது. 2013இல் அமெரிக்காவில் ரொபெர்ட்டா பிரின்டன் குழுவினர், பீட்டா பூட்டுக்குப் பொருந்தும் தாவர ஈஸ்ட்ரஜன் கலவையொன்றைப் பெண் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை அல்சைமர் நோய்க்கான மரபணு மாற்றம் செய்யப்பட்டவை. கலவை பெற்றவை அதிக காலம் வாழ்ந்தன. அவற்றின் நினைவும் மேம்பட்டிருந்தது. மூளையில் புரதத் திட்டுகள் படிவதும் மந்தமாயிற்று.

எலியின் நினைவை எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். பெரிய வட்டத் தொட்டியில் கலங்கிய நீரை நிரப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சிறு மேடையை வைப்பார்கள். எலி நீந்தித் தேடி அதில் ஏறும். இடம் நினைவிருந்தால் நாளடைவில் விரைவாகப் போய்ச் சேரும். நினைவு கெட்ட எலி சுற்றிச் சுற்றி நீந்தும். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மொரிஸ் என்ற ஆய்வாளர் அமைத்த முறை இது.

ஆகவே அந்த இளைஞர் கேள்விப்பட்டது பொய்யல்ல. எலிகளில் நன்மை காணப்பட்டது உண்மை. பிரச்சினை, அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

மத்ரஸாவில் படித்த ஒரு பாடம்

அரபுக் கல்லூரியில் உஸூலுல் ஃபிக்ஹ் படிக்கும் மாணவனுக்குக் கியாஸ் என்ற பாடம் வரும். சட்டம் தெளிவாகத் தெரிந்த ஒன்றிலிருந்து, சட்டம் தெரியாத மற்றொன்றுக்கு அதே சட்டத்தைக் கொண்டுசெல்வதே கியாஸ். முதலாவது அஸ்ல், இரண்டாவது ஃபர்உ. இரண்டையும் இணைக்கும் பாலம் இல்லத் எனப்படும் காரணம். அந்தக் காரணம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கியாஸ் செல்லும். தோற்றம் ஒத்திருப்பது போதாது.

மாணவர்களுக்கு நான் நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொல்வதுண்டு. போதை தரும் அனைத்தும் ஹராம் என்பதற்கு ஹதீஸே தெளிவான ஆதாரம். இருந்தாலும் பாடத்தை விளங்கிக்கொள்ளக் கித்துள் மரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே பாளையிலிருந்து வடிந்த நீர் புளித்துக் கள்ளானால் ஹராம். அதைக் காய்ச்சிக் கித்துள் பாணியாக்கினால் ஹலால். மரம் ஒன்று, பாளை ஒன்று, நீரும் ஒன்று. ஆனால் போதை என்ற இல்லத் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. மரத்தைப் பார்த்துச் சட்டம் சொன்னவன் தவறிவிடுவான்.

இல்லத்தைப் பாதிக்கும் வேறுபாடு இடையில் இருக்கும்போது செய்யப்படும் ஒப்பீட்டுக்கு நம் அறிஞர்கள் ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’ என்று பெயரிட்டு, அதை ஏற்க மறுத்தார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் சட்டத்துக்காக வகுக்கப்பட்ட இந்த அளவுகோல், எலிப் பரிசோதனைக்கும் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். எலி அஸ்ல். உம்மா ஃபர்உ. நோயும் மருந்தும் இரண்டு உடல்களிலும் ஒரே வழியில் இயங்கினால்தான் எலியின் தீர்ப்பு உம்மாவுக்குச் செல்லும். அவ்வாறு இயங்குகின்றனவா?

இடையில் நிற்கும் வேறுபாடுகள்

முதலாவது வேறுபாடு நோயே. சாதாரண எலிக்கு நம்மைப்போல் அல்சைமர் நோய் வருவதில்லை. மரபணுவை மாற்றியோ, மூளையில் நஞ்சைச் செலுத்தியோ அதைப்போன்ற ஒரு நிலையை உண்டாக்குகிறார்கள். அது நோயின் ஒரு துண்டு. முழு நோய் அல்ல. மனித மூளையில் பல்லாண்டுகளாகச் சத்தமின்றி நடப்பது, இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும் எலியில் சில மாதங்களுக்குள் திணிக்கப்படுகிறது.

இரண்டாவது வேறுபாடு குடலில் இருக்கிறது. சோயாவின் டெய்ட்ஸீனை ஈக்வோல் என்னும் வலுவான பொருளாக மாற்றுவது நாமல்ல, நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். ஈக்வோலை முதன்முதலில் 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரில் கண்டார்கள். குதிரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. எலிகளும் சுண்டெலிகளும் ஏறக்குறைய அனைத்துமே ஈக்வோலை உண்டாக்கக் கூடியவை. மனிதர்களிலோ மேற்கு நாட்டவரில் 100க்கு 25 முதல் 30 பேரும், ஜப்பான், கொரியா, சீனா போன்ற நாடுகளில் 50 முதல் 60 பேருமே இந்த ஆற்றல் உடையோர். ஒரே மாத்திரையை இரண்டு தாய்மார் விழுங்கினாலும் இருவரின் உடலிலும் ஒரே மருந்து உண்டாவதில்லை. இது சிறிய வேறுபாடா?

மூன்றாவது வேறுபாடு காலம். எலிகளுக்கு மருந்து பெரும்பாலும் சூலகம் அகற்றப்பட்ட உடனேயே, அல்லது நோய் முற்றும் முன்பே கொடுக்கப்படுகிறது. பிரின்டன் குழுவின் சுண்டெலிகளும் ஆரம்பத்திலேயே மருந்து பெற்றவைதாம். சூலகம் அகற்றி நீண்ட காலம் தாமதித்துக் கொடுத்தபோது ஈஸ்ட்ரஜனின் நன்மை காணப்படவில்லை என்பதையும் எலிகளே காட்டின. நம் இளைஞரின் உம்மாவுக்கு ஹைளு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நோயும் வந்து குடியேறிவிட்டது. வீட்டில் தீப்பிடிக்காமல் காக்கும் ஏற்பாடு வேறு, எரிந்த வீட்டைத் திருப்பித் தருவது வேறு.

நான்காவதாக ஒரு விசித்திரம். ஆய்வுகூட எலிகளின் சாதாரணத் தீனியிலேயே சோயா கலந்திருப்பது வழக்கம். மருந்து பெறாத எலி என்று கணக்கிடப்பட்ட எலியும் தீனியின் வழியாகத் தாவர ஈஸ்ட்ரஜனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இதை உணர்ந்த ஆய்வாளர்கள் சோயா கலக்காத தீனியைப் பயன்படுத்துகிறார்கள். தீனியைக் கவனியாத ஆய்வின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மனிதரில் பார்த்தபோது

இந்த எச்சரிக்கை வெறும் தர்க்கம் அல்ல. உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரஜன் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எலிகளில் கண்ட நன்மைகளாலும், ஹோர்மோன் எடுத்த பெண்களுக்கு மறதி குறைவு என்று தோன்றிய கணக்கெடுப்புகளாலும், இது மூளையையும் காக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. இறுதியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த ஈஸ்ட்ரஜனோடு மற்றொரு ஹோர்மோனையும் சேர்த்த மாத்திரையும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 21 பேருக்கு மறதி நோய் வந்தது. ஹோர்மோன் பெற்றவர்களில் 40 பேருக்கு! காக்கும் என்று நம்பியது ஏறத்தாழ இரு மடங்கு பேரைப் பாதித்திருந்தது.

சோயாவையும் இவ்வாறே சோதித்தார்கள். 2004இல் நெதர்லாந்தில் 60 முதல் 75 வயது வரையான 202 பெண்களிடம் ஓராண்டு காலம் நடத்திய சோதனையில், சோயாப் புரதம் பெற்றவர்களின் நினைவுத் திறன் மற்றவர்களினதைவிட மேம்படவில்லை. 2012இல் அமெரிக்காவில் 350 பெண்களிடம் இரண்டரை ஆண்டுகள் நடத்திய சோதனையிலும் மொத்த அறிவாற்றலில் வித்தியாசம் இல்லை. பார்த்த உருவங்களை நினைவில் வைக்கும் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம் தென்பட்டது. இவர்கள் நோயில்லாதவர்கள்.

அல்சைமர் நோய் வந்துவிட்டவர்களிடமும் பார்த்தார்கள். நாள்தோறும் 100 மில்லிகிராம் சோயாச் சத்தை ஆறு மாதங்கள் கொடுத்து 65 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு நோயாளிகளின் அறிவாற்றலில் பயன் எதையும் காணவில்லை. ஸ்பெயினில் நோயின் தொடக்க வாசலில் நின்ற 24 பேரிடம் ஓராண்டு ஜெனிஸ்டீனைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் சில சோதனைகளில் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. 24 பேர் என்பது ஒரு வகுப்பறையைக்கூட நிரப்பாத தொகை. நம்பிக்கைக்கு அது இடம் தருகிறது. ஆனால் போத்தலில் அடைத்து விற்பதற்கு இடம் தரவில்லை.

உணவாக உண்பதிலும் கதை நேர்கோடாக இல்லை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 719 முதியோரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், டோஃபு எனும் சோயாக் கட்டியை அதிகம் உண்டோரின் நினைவு குறைவாகவும், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பேயை உண்டோரின் நினைவு சிறப்பாகவும் காணப்பட்டது. காரணம் சோயாதான் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே அவரையே இருவிதமாகப் பேசுகிறது என்றால், விளம்பரம் ஒரே குரலில் பேசுவதை நாம் ஏன் நம்ப வேண்டும்?

அந்த எலிகளுக்கும் உரிமை உண்டு

இங்கே வேறொரு விடயத்தையும் சொல்லாமல் நகர முடியாது. விலங்குகளும் பறவைகளும் நம்மைப்போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் நாம் அறிவோம். நோய் தீர்க்கும் உண்மையான தேவைக்காகப் பிராணிகளைப் பயன்படுத்துவதை மார்க்க அறிஞர்கள் பலர் நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறார்கள். வீண் துன்பம் கூடாது, வேறு வழி இருந்தால் அதை நாட வேண்டும் என்பன அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சரியான தீனி இல்லாமல், போதிய எண்ணிக்கை இல்லாமல், மனிதருக்குப் பொருந்தாத காலத்தில் மருந்து கொடுத்து அரைகுறையாகச் செய்த ஆய்வில் இறந்த எலி, வீணாக இறந்த எலியே. அதன் உயிரைக் கொண்டு ஓர் உண்மையும் கிடைக்கவில்லை. அதைக் காட்டி ஏழை வீட்டின் பணத்தைக் கறப்பது இரண்டாவது அநியாயம். மாறாக, ஒழுங்காகச் செய்யப்பட்ட எலி ஆய்வுகளுக்கு நாம் நன்றியுடையோராக இருக்க வேண்டும். தாமதித்துக் கொடுத்தால் பயனில்லை என்பதை முன்கூட்டியே சொன்னவை அவைதானே! மார்க்கத்தின் பெயரால் ஆராய்ச்சியை இகழ்வோருக்கும் நான் இதையே சொல்வேன். எந்த நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி, தேடுங்கள் என்பதற்கான ஊக்கம். கண்டதையெல்லாம் விழுங்குங்கள் என்பதற்கான அனுமதி அல்ல.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு மறதி தொடங்கினால் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியரிடம்தான். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றைக் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. “வயது போனால் இப்படித்தான்” என்று ஒதுக்கிவிடுவது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். அல்சைமர் நோயே என்று உறுதியானாலும், நோயை மாற்றாவிட்டாலும் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகளை வைத்தியர் தரக்கூடும். சோயா மாத்திரையை நம்பி அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

சோயாவை உணவாக உண்பதில் பெரும்பாலோருக்குத் தடை இல்லை; அது நல்ல புரதம். ஆனால் சத்தைப் பிழிந்தெடுத்து அடைத்த மாத்திரை உணவல்ல. தைரொயிட் மாத்திரை எடுப்போர் அதையும் சோயாவையும் ஒரே நேரத்தில் எடுத்தால் மருந்து உடலில் சேர்வது குறையலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இத்தகைய மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது.

வருமுன் காப்பதற்கு, எலிகளை விட்டு மனிதரிலேயே கண்ட வழிகள் உள்ளன. இரத்த அழுத்தத்தையும் சீனி வியாதியையும் கட்டுக்குள் வைத்தல், புகைத்தலை விடுதல், உடலை அசைத்தல், காது கேளாமைக்குக் கருவி பொருத்துதல், மனிதரோடு கலந்து பழகுதல். இவ்வாறான 14 விடயங்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் உலகின் மறதி நோய்களில் 45 வீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் கணித்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போத்தல் தேவையில்லை.

பிழையாத கியாஸ்

அந்த இளைஞரிடம் நான் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. “முதலில் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போத்தலையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடியது. “அப்படியென்றால் நான் உம்மாவுக்கு என்னதான் கொடுப்பது ஹஸ்ரத்?” என்றார்.

அவர் வாங்கியது மாத்திரை அல்ல, ஏதாவது செய்தோம் என்ற ஆறுதல் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கியாஸின் பாடத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது கியாஸுல் அவ்லா. சிறியதே தடுக்கப்பட்டிருக்கும்போது, அதைவிடப் பெரியது இன்னும் உறுதியாகத் தடுக்கப்பட்டது என்று விளங்கிக்கொள்வது. இதற்கு நம் உஸ்தாதுமார் காட்டும் உதாரணம் பெற்றோரைப் பற்றியதுதான். முதுமையடைந்த தாய் தந்தையரிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லைக்கூட அல்லாஹ் தடுத்திருக்கிறான். அப்படியானால் அதட்டுவதும், அடிப்பதும், அறையில் பூட்டி வைப்பதும், விருந்தினர் வந்தால் மறைத்து வைப்பதும் எவ்வளவு பெரிய குற்றம்! இந்தக் கியாஸில் எந்த ஃபாரிக்கும் இல்லை. எந்த ஆய்வுகூடத்துக்கும் அனுப்பிச் சரிபார்க்கத் தேவையுமில்லை.

பத்துத் தடவை கேட்ட கேள்விக்குப் பதினோராவது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். “நீங்க யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டால், “உங்கட மகன்தான் உம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து ஓதுங்கள். நேற்றைய சாப்பாட்டை மறந்தவர்களும் சிறுவயதில் மனனம் செய்த சூராவைக் கூடச் சேர்ந்து ஓதுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் போத்தலுக்குச் செலவிட்ட பணத்தில், உம்மாவைக் கவனிக்கும் உங்கள் மனைவிக்கோ சகோதரிக்கோ வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்க ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்யுங்கள். அவர்களும் மனிதர்கள்தாம்.

நாளை தாவர ஈஸ்ட்ரஜனிலிருந்து உண்மையான மருந்து ஒன்று பிறக்கலாம். உரிய வயதில், உரிய உடலுக்கு, உரிய அளவில் அது கொடுக்கப்படும் நாளும் வரலாம். அன்று அதை அல்லாஹ்வின் அருளென ஏற்போம். அதுவரை, எலியின் பெயரால் நீட்டப்படும் எந்தப் போத்தலையும் பார்த்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதை மனிதரில் பார்த்தார்களா? என் உம்மாவைப் போன்றவரில் பார்த்தார்களா?

முதுமையின் தாழ்ந்த நிலையை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. அந்நிலைக்கு ஆளான நம் பெற்றோருக்குக் கண்ணியமாகப் பணிவிடை செய்யும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.